பழைய புல்லட்டை பாபர் ஆக்க பிரேமில் எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1979-ல் பதிவான புல்லட் 350, அப்பா ஓட்டிய வண்டி, இன்ஜின் நன்றாக இருக்கிறது, அதை பாபராக, அதாவது தேவையில்லாததைக் கழற்றிக் குட்டையாக்கிய வண்டியாக, மாற்ற ஆசை. பட்டறையில் மூன்று வேலை சொல்லியிருக்கிறார்கள்: ஸ்விங் ஆர்மையும் (பின் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசையும் கை) இரண்டு ஷாக்கையும் எடுத்துவிட்டுப் பின்பக்கத்தை ஹார்ட்டெயிலாக, அதாவது பின் சஸ்பென்ஷனே இல்லாமல், பற்றவைப்பது, முன் கழுத்தை (ஹாண்டில் தண்டு நுழையும் பிரேம் குழாய்) அறுத்து 5 டிகிரி சாய்ப்பது, பின்னால் 5.00-16 டயர் (5 அங்குல அகலம், 16 அங்குல ரிம்) போடுவது. இதெல்லாம் பாதுகாப்பானதா, எப்படிச் செய்தால் சரியாக வரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் இரண்டும் வேண்டாம். மூன்றாவதை மாற்றிச் செய்யலாம். பிரேமில் கட்டாயம் ஏதாவது வெட்ட வேண்டுமென்றால் ஒரே ஒரு இடம் இருக்கிறது. மேல் ஷாக் போல்ட்டுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வளையம். அதைக்கூட வெட்டாமலே நல்ல பாபர் கட்டலாம் என்பது என் கருத்து. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

பாபர் உருவானது 1930-களிலும் 40-களிலும், அமெரிக்காவில். ஹார்லி டேவிட்சனும் ‘இந்தியன்’ கம்பெனி வண்டியும் வைத்திருந்தவர்கள் பந்தய வண்டிகளைப் பார்த்துத் தங்கள் வண்டியின் எடையைக் குறைத்தார்கள். முன் மட்கார்டைக் கழற்றினார்கள், பின் மட்கார்டைப் பாதியோடு நறுக்கினார்கள், பெட்டி, கூடுதல் விளக்கு, அலங்காரக் கம்பி எல்லாவற்றையும் எடுத்துப் போட்டார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து, டபிள்யூஎல்ஏ என்ற ராணுவ ஹார்லிகள் மலிவாகச் சந்தைக்கு வந்தபோது இது இன்னும் பரவியது. அந்த வண்டிகளில் பின் சஸ்பென்ஷன் இல்லை என்பது உண்மைதான். ஆனால் யாரும் அறுத்து எடுக்கவில்லை, தொழிற்சாலையிலேயே கிடையாது. ஹார்லியின் பெரிய வண்டிகளுக்குப் பின் ஷாக் வந்ததே 1958-ல், டூயோ கிளைட் மாடலில். கழுத்தை வெட்டிச் சாய்த்து, முன் சக்கரத்தைப் பிடிக்கும் போர்க்கை நீட்டியது, பிற்பாடு ‘சாப்பர்’ என்ற நீள முகப்பு வண்டிகளைக் கட்டியவர்கள். ஆக, பழைய பாபர்காரர்கள் பெரும்பாலும் பிரேமைத் தொடவில்லை. பிரேமின் மேல் இருந்ததைத்தான் குறைத்தார்கள்.

உங்கள் வண்டியின் கதை வேறு. ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் 1948-லேயே ஸ்விங் ஆர்ம் வைத்த புல்லட்டைப் போட்டியில் இறக்கிவிட்டது, 1949-ல் அது விற்பனைக்கும் வந்தது. ஹார்லியின் பெரிய வண்டிகளுக்கு ஒன்பது ஆண்டு முன்னால். இந்திய ராணுவம் எல்லை ரோந்துக்கு அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது, 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது, திருவொற்றியூரில் வண்டி செய்தது எல்லாம் அதன் தொடர்ச்சி. அந்தப் பின்பக்கத்தை அறுத்துப் போடுவதென்றால், புல்லட்டைப் புல்லட் ஆக்கிய சங்கதியையே அறுத்துப் போடுகிறோம் என்று எனக்குத் தோன்றும்.

இன்னொன்றும் பாருங்கள். ஹார்ட்டெயில் தோற்றத்துக்கு ஆசைப்படுகிற வாடிக்கையாளர் எத்தனை பேர் என்று கம்பெனிகளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஷாக்கை எடுக்கவில்லை, ஒளித்து வைத்தார்கள். ஹார்லி 1984-ல் சாஃப்டெயிலைக் கொண்டுவந்தபோது ஷாக்குகளைக் கீழே, கியர்பாக்ஸுக்கு அடியில் படுக்க வைத்தது. 2016-ல் அறிவித்த டிரையம்ப் பானவில் பாபரில் சீட்டுக்குக் கீழே ஒற்றை ஷாக் மறைந்திருக்கிறது. ஜாவா பெராக்கும் அப்படித்தான். தூர நின்று பார்த்தால் ஹார்ட்டெயில், ஓட்டினால் சஸ்பென்ஷன். நம் சாலைக்கு இதைவிட நல்ல யோசனை கிடையாது.

சரி, இப்போது பிரேமுக்கு வருவோம். புல்லட் பிரேமைத் தனியாகக் கழற்றி வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அடிப்பக்கம் திறந்திருக்கும். முன்னால் இறங்கும் ஒற்றைக் குழாய் இன்ஜினின் முன்பக்கத் தகடுகளோடு நின்றுவிடும். இன்ஜினுக்கு அடியில் ஓடும் தொட்டில் குழாய் கிடையாது. இன்ஜினும் அதன் முதுகில் போல்ட் போட்டு இறுக்கிய கியர்பாக்ஸும் சேர்ந்து ஒரே கட்டியாக அந்த இடைவெளியை அடைக்கின்றன. அதாவது இன்ஜினே பிரேமின் கீழ்ப் பாதி. இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, இன்ஜின் மவுண்டிங் தகடுகளும் போல்ட்டுகளும் தளர்ந்திருந்தால் பிரேமே தளர்ந்திருக்கிறது என்று பொருள். இரண்டு, இன்ஜினைக் கழற்றிவிட்டு வெறும் பிரேமில் பெரிய வெல்டிங் செய்தால், சூடு ஆறும்போது குழாய்கள் எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் கீழே பிடித்துவைக்க ஒன்றுமில்லை. வேலை முடிந்து இன்ஜினை ஏற்றப் போனால் ஓட்டைகள் பொருந்தாது. கம்பி போட்டு நெம்பிப் பொருத்துவார்கள். அந்த நெம்பல் பிரேமுக்குள்ளேயே இறுக்கமாகத் தங்கி, ஓட ஓட விரிசலாக வெளியே வரும்.

ஹார்ட்டெயில் விஷயத்தில் முதலில் மலிவான குறுக்கு வழி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நிறைய வண்டிகளில் அதைத்தான் செய்கிறார்கள். ஷாக்கைக் கழற்றிவிட்டு அதே இரண்டு போல்ட்டுக்கும் இடையே ஒரு கெட்டி இரும்பு ராடை மாட்டுவது. வெட்டு இல்லை, வெல்டிங் இல்லை, ஒரு மணி நேர வேலை. ஆனால் இருப்பதிலேயே மோசமான வழி இதுதான். மேல் ஷாக் மவுண்ட், ஸ்பிரிங்கும் எண்ணெயும் வாங்கிக்கொண்டது போக மீதி அழுத்தத்தைத் தாங்கச் செய்தது. ராடு மாட்டினால் ஒவ்வொரு வேகத்தடையின் அடியும் குறையாமல் நேராக அந்த மவுண்டில் போய் இடிக்கும். அந்த மவுண்டைப் பற்றவைத்த இடத்தின் ஓரத்தில்தான் முதல் முடிக்கோடு தெரியும். பெயின்ட் லேசாக வெடித்து, துருக் கசிவு ஒரு கோடாக இறங்கும். அதைப் பார்த்துவிட்டால் வண்டியை நகர்த்தவே கூடாது.

முறையாகப் பற்றவைக்கும் ஹார்ட்டெயிலில் பின் ஆக்சிலிலிருந்து மேலே ஒரு ஜோடிக் குழாய் டேங்குக்கு அடியில் ஓடும் குழாயின் பின்முனைக்கும், கீழே ஒரு ஜோடிக் குழாய் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் தகடுகளுக்கும் போக வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு பக்கமும் முழு முக்கோணம். அமெரிக்காவில் யமஹா எக்ஸ்எஸ்650-க்கு இப்படிப் பற்றவைக்கும் பின்பக்கம் தயாராகவே கிடைக்கிறது. 1963 முதல் 1970 வரையான டிரையம்ப் 650-களில் முன் பிரேமும் பின் பிரேமும் போல்ட்டால் இணைந்தவை என்பதால், பின்பக்கத்தைக் கழற்றிவிட்டு ஹார்ட்டெயிலை மாட்டவும், வேண்டாமென்றால் பழையதை மறுபடி போடவும் முடியும். புல்லட்டில் அந்த வசதி இல்லை. அறுத்தால் அறுத்ததுதான்.

அளவும் ஒரு பிரச்சினை. ஸ்விங் ஆர்மைப் பிரேமோடு கோத்திருக்கும் பின்னிலிருந்து ஆக்சில் வரை அரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்முனையில் வெல்டிங் சூடு அரை டிகிரி இழுத்தால், ஆக்சிலில் அது 4 மி.மீ.க்கு மேல் விலகல். அரை டிகிரி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 4 மி.மீ. விலகினால் செயின் ஸ்ப்ராக்கெட்டின் ஒரு பக்கத்தைத் தின்னும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இதைத் தவிர்க்க வேண்டுமென்றால் கழுத்து, இன்ஜின் மவுண்டுகள், ஆக்சில் மூன்றையும் ஒரே மேசையில் அசையாமல் பிடிக்கும் ஜிக் வேண்டும். தரையில் இரண்டு கல் வைத்து, ரசமட்டம் பார்த்து, டாக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) அடித்துச் செய்கிற வேலையில் இந்தத் துல்லியம் வராது. உங்கள் பட்டறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “ஜிக் இருக்கிறதா, காட்டுங்கள்” என்பதுதான்.

கழுத்துக்கு வருகிறேன். 5 டிகிரி என்பது காகிதத்தில் சின்ன எண். முன் சக்கரம் தரையைத் தொடும் இடம், ஸ்டீயரிங் அச்சுக்கோடு தரையில் போய் விழும் இடத்துக்கு எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பதுதான் டிரெயில். ஆஸ்பத்திரி டிராலியின் முன் சக்கரம் தள்ளும் திசைக்குத் தானாகத் திரும்புகிறதே, அதே சங்கதி. டிரெயில் குறைந்தால் ஹாண்டில்பார் படபடக்கும். கூடினால் நேராக ஓடும், ஆனால் மெதுவாகத் திரும்பும்போது முன் சக்கரம் கனமாக ஒரு பக்கம் சாய்ந்து விழும். கணக்கு எளிது. சக்கர ஆரத்தைச் சாய்கோணத்தின் (ஸ்டீயரிங் அச்சு செங்குத்திலிருந்து சாயும் கோணம்) சைனால் பெருக்கி, போர்க் ஆஃப்செட்டை (ஸ்டீயரிங் அச்சிலிருந்து முன் ஆக்சில் முன்னால் தள்ளியிருக்கும் தூரம்) கழித்து, கோணத்தின் கொசைனால் வகுக்க வேண்டும். 3.25-19 டயரின் ஆரம் ஏறத்தாழ 324 மி.மீ. எடுத்துக்காட்டுக்கு ஆஃப்செட் 60 மி.மீ., கோணம் 27 டிகிரி என்று வைத்தால் டிரெயில் 98 மி.மீ. வருகிறது. கோணம் 32 ஆனால் 132. உங்கள் வண்டியில் ஆஃப்செட்டையும் கோணத்தையும் அளந்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கழுத்தைத் தொடாமலே கோணம் மாறும். பாபருக்காகப் பின்பக்கத்தை 50 மி.மீ. இறக்கினால் போதும். புல்லட்டின் வீல்பேஸ் (இரண்டு ஆக்சிலுக்கும் இடையே உள்ள தூரம்) 1370 மி.மீ. 50-ஐ அதனால் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 2 டிகிரி சாய்வு. மொத்த வண்டியும் அவ்வளவு பின்னால் சாய்வதால் கழுத்தும் 2 டிகிரி சாய்கிறது. மேலே போட்ட அதே கணக்கில் டிரெயில் 98-லிருந்து 111-க்குப் போகிறது. ஓட்டும்போதே வித்தியாசம் தெரியும், ஆனால் பழகிக்கொள்ளலாம். இதோடு கழுத்தையும் 5 டிகிரி சாய்த்தால் 146 மி.மீ. திருவல்லிக்கேணித் தெருவில் அந்த வண்டியைத் திருப்பிப் பாருங்கள், தெரியும். தவிர, பிரேக் பிடிக்கும்போது முன் சக்கரத்தின் மொத்த விசையும் நெம்புகோலாக வந்து இறங்குவது கழுத்தில்தான். வேறெங்கே வெல்டிங் விட்டாலும் ஓரம் கட்ட நேரம் கிடைக்கலாம். கழுத்தில் விட்டால் கிடைக்காது. சாலையில் ஓடும் வண்டியில் கழுத்தை வெட்டக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, அப்போது பாபர் தோற்றம் எப்படி வரும்? சீட்டிலும் மட்கார்டிலும்தான்.

நீளமான டபுள் சீட்டைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட்டைப் போடுங்கள். பழைய புல்லட்டுகளுக்கு இது அந்நியமான பொருள் கிடையாது. ஸ்பிரிங் சீட்டும் பின்னால் உட்காருபவருக்கான தனி பில்லியன் சீட்டும் காலங்காலமாக மாட்டிவரும் சாமான்தான், பிற்காலத்தில் வந்த கிளாசிக் மாடலும் அதே வடிவத்தில்தான் வந்தது. சீட்டின் மூக்கு டேங்குக்குப் பின்னால் ஒரு பின்னில் கீல் போல அசைய வேண்டும், பின்னால் இரண்டு ஸ்பிரிங்கும் குறுக்குக் குழாயில் உட்கார வேண்டும். இருக்கிற ஓட்டைகளில் போல்ட் போட்ட பிராக்கெட்டுகளாலேயே இதைச் செய்ய முடியும். பிரேம் குழாயில் புதிதாகத் துளை போடாதீர்கள். துளை போட்ட இடத்தின் ஓரத்தில் விசை குவியும், விரிசல் அங்கிருந்து கிளம்பும்.

அப்புறம் மட்கார்டு. பாபரில் மட்கார்டு டயரை ஒட்டி இருந்தால்தான் அழகு. ஆனால் ஸ்விங் ஆர்ம் வண்டியில் டயர் மேலும் கீழும் போகும். இரண்டு வழி உண்டு. மட்கார்டை ஸ்விங் ஆர்மிலேயே மாட்டினால் டயரோடு சேர்ந்து போகும், இடைவெளி 20 மி.மீ. இருந்தால் போதும். தாங்கும் கம்பிகள் கெட்டியாக இருக்க வேண்டும், ஏனென்றால் குலுக்கல் முழுதும் அதன் மேல்தான். பிரேமில் மாட்டினால் ஷாக் முழுதாக அமுங்கும்போதும் டயர் இடிக்காத அளவு உயரம் விட வேண்டும். எதைச் செய்தாலும் ஒரு சோதனை கட்டாயம். இரண்டு ஷாக்கையும் கழற்றி, ஷாக் முழுதாக அமுங்கினால் என்ன நீளம் இருக்குமோ அந்த அளவுக்கு ஒரு கட்டையை வைத்து, பின் சக்கரத்தை அதுவரை தூக்கி நிறுத்துங்கள். ஆளை சீட்டில் உட்கார வையுங்கள், ஸ்பிரிங் அமுங்கட்டும். இப்போது சீட்டின் அடித்தகட்டுக்கும் மட்கார்டுக்கும், மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே விரல் போகிறதா என்று பாருங்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும், முடிந்த பிறகு அல்ல.

முன் மட்கார்டை எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அது சேறு தடுக்க மட்டும் இல்லை. இரண்டு போர்க் கால்களையும் இணைத்துப் பிடித்து, தனித்தனியாக முறுக்கிக்கொள்ளாமல் வைத்திருக்கிறது. முழுதாக எடுத்தால் அந்த இடத்தில் ஒரு கெட்டிப் பாலத் தகடாவது வேண்டும். என்னைக் கேட்டால் குட்டையான மட்கார்டு ஒன்றை அதே பாலத்தோடு வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

புல்லட்டில் இன்ஜின் ஆயில் கிராங்க்கேசுக்குள்ளேயே தனி அறையில் இருக்கிறது. பழைய டிரையம்ப், ஹார்லி போல சீட்டுக்கு அடியில் ஆயில் டேங்க் வைக்க வேண்டியதில்லை. அதனால் பேட்டரிப் பெட்டியை இடம் மாற்றினாலே சீட்டுக்குக் கீழே வெளிச்சம் ஊடுருவும் அந்த வெற்றிடம் கிடைத்துவிடும். ஏர் ஃபில்டரை மட்டும் எடுக்காதீர்கள். நம் தூசிக்கு அது இல்லாமல் பிஸ்டன் ரிங்கு நிற்காது.

இப்போது அந்த வளையம். மேல் ஷாக் மவுண்டுக்குப் பின்னால் பிரேம் நீண்டு போவது பில்லியன் ஆளையும் நீள மட்கார்டையும் தாங்கத்தான். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பகுதிக்குச் சுமை குறைவு, அதனால்தான் வெட்டுவதற்கு இது ஒன்றே தகுந்த இடம் என்றேன். ஆனால் இடது வலது குழாய்களைப் பின்னால் இணைப்பதும் அதே வளையம்தான். வெறுமனே அறுத்துவிட்டு முனைக்கு மூடி போட்டால், இரண்டு ஷாக் மவுண்டுகளும் தனித்தனியாகத் தொங்கும் கைகளாகிவிடும். சுமை ஏறும்போது அவை வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். ஆகவே முதலில் அளவான அரைவட்ட வளையத்தைக் குழாயில் வளைத்துத் தயாராக வைத்துக்கொண்டு, ஷாக் மவுண்ட் வெல்டிங்கிலிருந்து குறைந்தது 40, 50 மி.மீ. தள்ளி வெட்டி, உடனே இணைக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் ஒரு ஆங்கிள் இரும்பால் கிளாம்ப் போட்டுப் பிடித்துவிடுங்கள்.

இணைப்புக்குள்ளே துண்டுக் குழாய் ஒன்று போக வேண்டும். பிரேம் குழாயின் உள் விட்டத்துக்கு லேத்தில் கடைந்த துண்டு, வெட்டின் இரு பக்கமும் குழாயின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம். வெட்டுக்கு 20 மி.மீ. தள்ளி இரண்டு பக்கமும் சின்னத் துளை போட்டு, அதன் வழியாக உள் துண்டையும் பற்றவைத்து, பிறகு வெட்டைச் சுற்றிலும் வெல்டு ஓட்ட வேண்டும். இங்கே துளை போடுவது பரவாயில்லை, ஏனென்றால் உள்ளே தாங்கத் துண்டு இருக்கிறது, துளையும் அடைபட்டுவிடுகிறது. குழாய் சீம்லெஸ் (நீளவாக்கில் இணைப்பே இல்லாதது) ஆகட்டும், நல்ல கம்பெனியின் ஈஆர்டபிள்யூ (நீளவாக்கில் மின்சாரத்தால் பற்றவைத்தது) ஆகட்டும், அளவும் சுவர்த் தடிமனும் பழைய குழாயோடு ஒத்துப்போக வேண்டும். ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸ் என்ற கம்பெனி இந்தத் தொழிலுக்கே குழாய் செய்கிற ஊரில் இருந்துகொண்டு, கேட் செய்யும் தண்ணீர்க் குழாயை வாங்கிப் போடுவது நியாயமில்லை.

வெல்டிங்குக்கு ஆர்கான் டிக் (ஆர்கான் வாயுப் போர்வையில் செய்யும் வெல்டிங்) நல்லது. மெல்லிய குழாயில் சூட்டை அளந்து கொடுக்க முடியும். கம்பி தானாக ஊட்டப்படும் மிக் வெல்டிங்கும் நல்ல கையில் தப்பில்லை. பழைய பிரேமில் பித்தளை வைத்து இணைத்த இடம் ஏதாவது இருக்கிறதா என்று பெயின்ட்டைச் சுரண்டிப் பாருங்கள், மஞ்சளாகத் தெரியும். பித்தளை இருக்கும் இடத்தில் டிக், மிக் உட்பட எந்த ஆர்க் வெல்டிங்கும் கூடவே கூடாது. உருகிய செம்புக் கலவை இரும்பின் மணிகளுக்கு இடையே ஊடுருவி, மேலே அழகாக இருக்கும் வெல்டு உள்ளே வெடித்துப் போகும். வெல்டு செய்த சூட்டில் தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது. வெல்டை கிரைண்டர் வைத்து மழமழவென்று தேய்த்து, மேலே பட்டி பூசி, “ஜாயின்ட்டே தெரியாது சார்” என்று காட்டுவதும் வேண்டாம். தேய்க்கத் தேய்க்க வெல்டின் பலம் போகிறது. நல்ல வெல்டு வெளியே தெரியட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிரைண்டர் என்றதும் இன்னொன்று. தேவையில்லாத பிராக்கெட்டுகளை எடுக்கும்போது சக்கரத்தைக் குழாயோடு ஒட்டி ஓட்டாதீர்கள். ஒன்றிரண்டு மி.மீ. விட்டு அறுத்து, மீதியை அரத்தால் ராவுங்கள். குழாயின் சுவரே ஏறத்தாழ 2 மி.மீ.தான். கிரைண்டர் ஒரு நொடி வழுக்கினால் அதில் கால் பங்கு போய்விடும், அந்தக் கீறல் காலத்துக்கும் இருக்கும்.

டயர் விஷயம் சுவாரசியமானது. 5.00-16 என்றதும் சின்னச் சக்கரம் என்று நினைப்போம். உண்மையில் அந்தப் பருத்த டயரோடு சேர்த்தால் வெளி விட்டம் 3.25-19-க்கு ஏறத்தாழ சமம். அதனால் உயரம் பெரிதாக மாறாது. இடிப்பது அகலம். புல்லட் ஸ்விங் ஆர்முக்குள் 5 அங்குல டயரை நுழைத்தால் இடப்பக்கம் செயின் உரசும். அதற்காக ஸ்ப்ராக்கெட்டை வெளியே தள்ளினால் செயின் கோடு கெடும், சக்கரத்தை வலப்பக்கம் தள்ளினால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டில் ஓடாது. 18 அங்குல ரிம்மில் 4 அங்குலத்துக்குள் ஒரு டயர் போதும். இரண்டு பக்கமும் 8 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு ஸ்போக் கட்டச் சொல்லுங்கள். குட்டையான மட்கார்டுக்குக் கீழே அந்த டயரே பருமனாகத்தான் தெரியும்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சி-யில் இருக்கும் விவரம் உற்பத்தியாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவின்படி, அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஹார்ட்டெயிலும் கழுத்து வெட்டும் நேராக இதில் மாட்டும். வளையத்தை வெட்டுவதும் பிரேம் மாற்றம்தான், அதற்கு விலக்கு இருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 15 ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தியாக வேண்டும். ஆர்சி-யில் இருவர் என்று போட்டிருக்கும் வண்டியில் ஒற்றை சீட்டும் சேலை கார்டு இல்லாத சக்கரமும் இருந்தால் அவர் கேட்பார். போல்ட் போட்டு மாற்றிய வண்டி என்றால் பழைய சீட்டையும் மட்கார்டையும் கார்டையும் மாட்டிக்கொண்டு போகலாம். அறுத்த வண்டியில் அது முடியாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் இதையே பிடித்துக்கொள்வார். சேஸிஸ் நம்பர் குத்திய இடத்தில் தேய்ப்பு, பட்டி, வெல்டிங் எதுவுமே கூடாது.

உங்கள் வண்டிக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டியை விண்டேஜ் என்று தனி எண்ணோடு பதியலாம். உங்கள் புல்லட் 2029-ல் அந்த வயதைத் தொடுகிறது. பிரேம் முழுதாக இருந்தால், கழற்றிய சாமானை மறுபடி மாட்டி அந்த வரிசையில் நிற்கலாம். அதனால் கழற்றும் ஒவ்வொரு சாமானையும் எண்ணெய் தடவி, பேர் எழுதிக் கட்டி, பரணில் வையுங்கள். போல்ட்டுகள்கூட. அந்தக் காலத்து மரை இன்று எல்லாக் கடையிலும் கிடைக்காது.

ஹார்ட்டெயில் ஆசை விடவில்லையென்றால், சாலையில் ஓட்டாத, கண்காட்சிக்கு மட்டும் வைக்கிற வண்டியாக, ஜிக் வைத்திருக்கும் ஆளிடம் வேறொரு பிரேமில் செய்துகொள்ளுங்கள். அப்பாவின் வண்டியில் வேண்டாம்.

எதைச் செய்தாலும் வேலை தொடங்கும் முன் பிரேமின் நிலையைப் பார்த்துவிடுங்கள். இத்தனை ஆண்டு ஓடிய பிரேம் ஏற்கெனவே கோணியிருக்கலாம், குறிப்பாக எப்போதாவது சைட்கார் மாட்டியிருந்தால். இரண்டு சக்கரத்தையும் நேராக நிறுத்தி, பின் டயரின் இரு பக்கமும் நூல் பிடித்து முன் டயர் வரை இழுத்துப் பார்த்தால் விலகல் தெரியும். பின்னால் நின்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று சாய்ந்திருக்கிறதா என்று தெரியும். பிறகு கம்பி பிரஷ்ஷால் பெயின்ட்டை எடுத்து, கழுத்தின் அடி, இன்ஜின் முன் மவுண்ட், சைடு ஸ்டாண்டு லக், மேல் ஷாக் மவுண்டு ஆகிய இடங்களில் சிவப்பு டை சோதனை செய்யுங்கள். மூன்று ஸ்பிரே டப்பா செட்டாக வெல்டிங் சாமான் கடையில் கிடைக்கும். சுத்தம் செய்து, சிவப்பை அடித்து, கொஞ்ச நேரம் ஊற விட்டுத் துடைத்து, வெள்ளையை அடித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு ஊறி வரும். புதிதாக வெல்டு வைத்திருந்தால் பெயின்ட்டுக்கு முன் அங்கும் ஒருமுறை. முதல் 200 கி.மீ. ஓட்டியதும் இன்ஜின் மவுண்டு போல்ட்டுகள் எல்லாவற்றையும் திரும்ப இறுக்கி, அதே இடங்களைக் கண்ணால் ஒருமுறை பாருங்கள். டை சோதனையில் கழுத்துப் பக்கம் கோடு தெரிந்தால் எந்த மாற்றமும் செய்யாமல் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். படம் எடுத்து வைத்துக்கொண்டால் யாரிடம் காட்டினாலும் பேசுவது சுலபம்.